பனி இளகும் நேரம்

காலை ஒன்பதரை இருக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஆடம்ஸ் மலையில் பைக்கர்ஸ் பீக் என்கிற இடத்தில், 11,600 அடி உயரத்தில், ஒரு பாறை மறைவில் உட்கார்ந்து புளியோதரையைக் கடித்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்றுதான் எழுத வந்தேன். ஆனால் ராத்திரி முழுக்கப் பையில் கிடந்து குளிரில் இறுகிப்போன சோற்றைக் கடிக்கத்தான் முடியும். பக்கத்தில் அண்ணை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் பனிச்சறுக்குக்கான ஸ்கீ கம்பைத் தலைகீழாகப் பிடித்து, கைப்பிடியால் பனியை ஒரு குத்து குத்திப் பார்ப்பார். 'டக்' என்று சத்தம் வரும். சிமெண்ட் தரையைத் தட்டினால் வருகிற அதே சத்தம்.

"இறங்கலாமா அண்ணை?"

"இன்னும் இளகேல்லை தம்பி. பொறும்."

நள்ளிரவு பன்னிரண்டரைக்கு வண்டியை விட்டுக் கிளம்பி, காலை ஒன்பது மணிக்கு 12,276 அடி உச்சியைத் தொட்டுவிட்டு, இந்தப் பொய் உச்சிக்கு இறங்கி வந்திருந்தோம். பொய் உச்சி என்பதை என் கற்பனை என்று நினைக்க வேண்டாம். கீழேயிருந்து ஏறுகிறவர்களுக்கு இதுதான் உச்சி என்று தோன்றும். வந்து சேர்ந்ததும் அப்பால் இன்னொரு மேடு நின்று சிரிக்கும். எங்கள் காலுக்குக் கீழே சவுத்வெஸ்ட் சூட்ஸ். ஏறக்குறைய நாலாயிரம் அடிக்கு ஓட்டுக் கூரை மாதிரி ஒரே சாய்வாக இறங்குகிற பனிச்சரிவு. அதற்காகத்தான் தூக்கம் கெட்டு வந்திருக்கிறோம். வந்த பிறகு, இறங்காமல் உட்கார்ந்திருக்கிறோம்.

இந்த உட்கார்ந்திருப்பதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

எரிமலைகளில் ஏறி ஸ்கீயில் சறுக்கி இறங்குகிறேன் என்று அம்மாவிடம் போனில் முதன்முதலில் சொன்னபோது, "எரிமலைன்னா நெருப்பு வராதா கண்ணு?" என்றார். நியாயமான கேள்வி. சியாட்டிலுக்கு வந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. இங்கே வருஷத்தில் பாதி நாள் வானம் மூடியே கிடக்கும். திடீரென ஒரு நாள் மேகம் விலகி, தெற்கே ரெய்னியர் மலை 14,410 அடிக்கு வெள்ளையாக எழுந்து நிற்கும். அன்றைக்கு ஆபீஸில், கடையில், பஸ்ஸில் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: மலை வெளியே வந்திருக்கிறது. ஏதோ மாமனார் வெளியூரிலிருந்து வந்திருக்கிறார் என்பது போல. அது எரிமலை என்பதே எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

கனடா எல்லைக்குப் பக்கத்திலுள்ள பேக்கரில் தொடங்கி, ரெய்னியர், செயின்ட் ஹெலன்ஸ், ஆடம்ஸ், ஹூட் என்று தெற்கே கலிஃபோர்னியாவின் ஷாஸ்டா, லாஸன் வரைக்கும் ஒரு எரிமலை வரிசை. பசிபிக் கடலடியில் ஹுவான் டி ஃபூகா என்கிற சின்னப் பூமித்தட்டு வட அமெரிக்கத் தட்டுக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. அப்படிக் கீழே போகும் தட்டிலிருந்து கசிகிற நீர் மேலேயுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைக்க, உருகிய குழம்பு மேலே வந்து அங்கங்கே கூம்பாகக் குவிந்திருக்கிறது. மற்ற மலைத்தொடர்கள் போல ஒன்றோடொன்று தோள் உரசி நிற்காமல், ஒவ்வொன்றும் காட்டுக்கு நடுவில் தனி ஆளாக நிற்கும். கூம்பு என்பதால் சரிவு ஒரே சீராக இருக்கும். உச்சியிலிருந்து காடு வரைக்கும் நடுவில் பள்ளமோ மேடோ அதிகம் குறுக்கிடாது. ஸ்கீ பிடித்தவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்புறம் பனி. பசிபிக்கிலிருந்து வருகிற ஈரக்காற்று வந்து மோதுவது இந்த மலைகளின் மேல்தான். 1998-99 குளிர்காலத்தில் பேக்கர் மலைப்பக்கத்து ஸ்கீ மையத்தில் 1,140 அங்குலம் பனி பெய்தது. உலக சாதனை. மீட்டர் கணக்கில் 29; ஒன்பது மாடிக் கட்டிடம் என்று வைத்துக்கொள்ளலாம். அவ்வளவும் ஈரப்பனி, கனமான பனி. செங்குத்தான இடத்திலும் அப்பிக்கொண்டு நிற்கும். அதனால் மற்ற ஊர்களில் ஸ்கீயைத் துடைத்துப் பரணில் போடுகிற மே, ஜூனில்தான் இங்கே எரிமலை சீசன் ஆரம்பிக்கிறது.

இதெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தது அண்ணை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஆனால் ஒன்பது வயதிலிருந்து வளர்ந்தது நோர்வேயின் வடகோடியில். அவருடைய அப்பா எண்பதுகளில் அங்கே மீன் தொழிற்சாலையில் வேலைக்குப் போனவர். ஃபின்மார்க் கரையோர ஊர்களில் அப்படிப் போய்ச் சேர்ந்த ஈழத்தமிழர்கள் நிறைய. அங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஸ்கீ என்பது நமக்கு சைக்கிள் மாதிரி. அவர் 'ஸ்கீ' என்று சொல்லவே மாட்டார்; நோர்வேக்காரர்கள் மாதிரி 'ஷீ' என்பார். பழைய நோர்ஸ் மொழியில் பிளந்த மரத்துண்டு என்று அர்த்தமாம். வேலைக்காக சியாட்டில் வந்தவரை ஒரு பொங்கல் விழாவில் சந்தித்தேன். நான் அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டேன். நாலைந்து மாதத்தில் என் வாயும் 'அண்ணை' என்று திரும்பிவிட்டது.

மலையேறும் ஸ்கீக்கும் லிஃப்டில் ஏறிச் சறுக்குகிற ஸ்கீக்கும் வித்தியாசம் அடிப்பாகத்தில் இருக்கிறது. ஸ்கீயின் அடியில் ஒரு நீளத் துணிப்பட்டை ஒட்டுவோம். பெயர் ஸ்கின். ஒரு காலத்தில் நிஜமாகவே சீல் என்கிற கடல் விலங்கின் தோல். இப்போது நைலான், அல்லது மோஹேர் என்கிற ஆட்டு மயிர். பூனை முதுகைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், வாலிலிருந்து தலைக்குத் தடவினால் முரண்டும் இல்லையா? அதே சங்கதி. முன்னால் தள்ளினால் வழுக்கிப் போகும், பின்னால் சறுக்கப் பார்த்தால் மயிர் சிலிர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஏறும்போது பூட்ஸின் முனை மட்டும் இரண்டு ஊசிகளுக்கு நடுவே மாட்டியிருக்கும், குதிகால் எழும்பும். எண்பதுகளில் ஆஸ்திரியாவின் ஃபிரிட்ஸ் பார்த்தல், கனமான கருவிகளைச் சுமந்து அலுத்துப்போய்க் கண்டுபிடித்த ஏற்பாடு இது. இன்றைக்கு மலையேறும் ஸ்கீக்காரர்கள் பெரும்பாலும் அவருடைய அந்த ஊசி யோசனையில்தான் நடக்கிறார்கள். உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்து மடித்து, குதிகாலைப் பூட்டினால் அதே ஸ்கீ இறங்குகிற ஸ்கீ ஆகிவிடும்.

நான் கோயம்புத்தூர்க்காரன். பதினாலு வயதில் அப்பா வெள்ளியங்கிரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூங்கில் தடி ஊன்றி ராத்திரியில் ஏழு மலையும் ஏறியது சுகமாகத்தான் இருந்தது. இறங்கும்போதுதான் தெரிந்தது, கடைசி ஆயிரம் படிக்கு முட்டி இரண்டும் தந்தியடித்தன. ஸ்கீயைப் பற்றி அண்ணை சொன்னதும் என் மண்டையில் முதலில் ஓடியது அதுதான். இறங்குவது நாலு மணி நேரத் தண்டனையாக இல்லாமல் இருபது நிமிஷமாக இருந்தால்?

அந்த ஆசையில்தான் முதல் வருஷம் மாட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் மாதம். செயின்ட் ஹெலன்ஸ். அண்ணை ஊரில் இல்லை, ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரோடு போயிருந்தேன். அந்த மலைக்கு ஏப்ரலிலிருந்து ஆள் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு உண்டு. அனுமதிச்சீட்டுக்கு இணையத்தில் தட்கல் டிக்கெட் மாதிரி விரலைத் தயாராக வைத்துக் காத்திருக்க வேண்டும். அப்படி வாங்கிய சனிக்கிழமை. வாடகைக்கு எடுத்த பூட்ஸ் அரை சைஸ் சின்னதாக வந்துவிட்டது. பாதி வழியிலேயே குதிகால் இரண்டும் கொப்புளம். இருந்தாலும் 5,700 அடி ஏறி ஒன்பது மணிக்கு எரிமலைக் குழியின் விளிம்பில் நின்றோம். மேலே இருந்த பத்துப் பதினைந்து பேரும் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்கள். ஏன் படுத்திருக்கிறார்கள் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை, ஏனென்றால் அன்று என் மகளுக்குப் பிறந்தநாள். நாலு மணிக்கு வீட்டில் கேக். மூன்றரை மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். "நீங்க இருந்து வாங்க, நான் முன்னால போறேன்" என்று ஸ்கீயைப் பூட்டிவிட்டேன்.

முதல் திருப்பத்திலேயே பல் கிட்டித்துவிட்டது. பனி கண்ணாடியாக உறைந்திருந்தது. ஸ்கீயின் இரும்பு ஓரம் அதன் மேல் கிரீச்சிட்டதே தவிர இறங்கவில்லை. நாலாவது திருப்பத்தில் கால் போய்விட்டது. விழுந்தேன் என்பதைவிட, மலை என்னை ஊற்றிவிட்டது என்று சொல்லலாம். சறுக்கினால் பனியில் குத்தி நிற்பதற்கான கோடரி, ஐஸ் ஆக்ஸ், பையின் பின்னால் அழகாகக் கட்டப்பட்டிருந்தது. கையில் இருந்தால்தானே உதவும்? நல்லவேளையாகச் சரிவு கொஞ்சம் தணிகிற இடம் வந்து, முந்நூறு அடி தள்ளி நின்றேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல், தேங்காய்த் துருவியில் வைத்து இழுத்த மாதிரி. அதற்கப்புறம் பூட்ஸின் அடியில் க்ராம்பன் என்கிற இரும்பு முள்ளை மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டி நடந்துதான் இறங்கினேன். பாதி வழியில், பதினோரு மணி வாக்கில், மேலே படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக 'சர்... சர்...' என்று என்னைத் தாண்டிப் போனார்கள். அதே சரிவு, அதே பனி. இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம்.

வீட்டுக்குப் போகும்போது ஏழு மணி. "கேக் வெட்டியாச்சு" என்று மட்டும் சொன்னாள் மனைவி.

அண்ணை திரும்பி வந்ததும் கையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு கைப்பிடி ஜவ்வரிசி கொண்டுவரச் சொன்னார். அன்றைக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்த பாடத்தை என்னால் இயன்ற வரை திருப்பிச் சொல்கிறேன்.

வசந்தகால வெயிலில் மேல்பனி உருகுகிறது. உருகிய நீர் பனித்துகள்களுக்கு நடுவே இறங்கி நிற்கிறது. ராத்திரி வானம் தெளிவாக இருந்தால் பனி தன் சூட்டை நேரே வானத்துக்கு வீசிவிட்டு உறைகிறது. காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தாலும்கூட இது நடக்கும். மறுநாள் மறுபடி உருகல், ராத்திரி மறுபடி உறைதல். நாலைந்து நாள் இப்படியே போனால் சின்னத் துகளெல்லாம் கரைந்து பெரியவற்றோடு சேர்ந்து, உருண்டை உருண்டையான மணிகளாகிவிடும். அமெரிக்கர்கள் இதைக் கார்ன் என்கிறார்கள். மக்காச்சோளம் என்று வைத்தவர் ஜவ்வரிசியைப் பார்த்திருக்க மாட்டார். ஊறின ஜவ்வரிசி எப்படி இருக்கும், கண்ணாடி மாதிரிப் பாதி ஒளி ஊடுருவ, ஒன்றோடொன்று ஒட்டியும் ஒட்டாமலும்? அச்சு அசலாக அதுதான்.

விடிகாலையில் அந்த மணிகளெல்லாம் பிடித்துவைத்த கொழுக்கட்டை மாதிரி ஒன்றாக இறுகிக் கிடக்கும். வெயில் ஏற ஏற மேலேயிருந்து ஒவ்வொரு அடுக்காகப் பிடி விடும். மேலே ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் இளகி, அடியில் இன்னும் இறுக்கமாக இருக்கிற அந்த நேரம்தான் நேரம். ஸ்கீ வெண்ணெயில் கத்தி போல இறங்கும். அதற்கு முன்னால் போனால் என் முழங்கை. அதற்குப் பின்னால் போனால் கால் கெண்டைவரை புதையும், சரிவு முழுக்க நொளநொளவென்று கஞ்சியாகி, ஒரு திருப்பம் போட்டால் கூடவே ஈரப்பனி பெயர்ந்து நம்மைத் துரத்தும். கிழக்கு பார்த்த சரிவு முதலில் இளகும், அப்புறம் தெற்கு, கடைசியில் மேற்கு. மேகம் மூடிய ராத்திரியில் உறையவே உறையாது. காற்று பலமாக அடித்தால் மத்தியானம் வரை இளகாது. எல்லாம் கூடி வந்தால் அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம் வாசல் திறந்திருக்கும்.

"அதுக்கு உம்மட மகளின்ர பிறந்தநாள் தெரியாது" என்று முடித்தார் அண்ணை. தண்ணீரில் ஊறிய ஜவ்வரிசியை மனைவி அன்று ராத்திரி பாயசமாக்கிவிட்டாள்.

அடுத்த மே மாதம் அதே செயின்ட் ஹெலன்ஸுக்கு, அன்னையர் தினத்தன்று போனோம். அந்த நாளில் அங்கே ஒரு வழக்கம் உண்டு: ஏறுகிறவர்கள் ஆண் பெண் வித்தியாசமில்லாமல் கவுன் போட்டுக்கொண்டு ஏறுவார்கள். தாடி வைத்த ஆறடி ஆட்கள் பூப்போட்ட ஃபிராக்கில், முதுகில் ஸ்கீயைக் கட்டிக்கொண்டு வரிசையாகப் போவதைக் கற்பனை செய்துபாருங்கள். நான் மட்டும் என்ன இளப்பமா? மனைவியின் நைட்டி ஒன்றை எடுத்துக்கொண்டேன். மெரூன் கலர், வெள்ளைப் பூ, முன்னால் ஜிப், பக்கத்தில் ஒரு பாக்கெட்.

"கிழிச்சீங்கன்னா புதுசா ரெண்டு வாங்கித் தரோணும்" என்றாள்.

அண்ணை என்னைப் பார்த்து, "உமக்கு விசரே?" என்றார். மேலே போவதற்குள் என்னோடு நாலு படம் எடுத்துக்கொண்டார். உலகத்தில் இதைவிட ஏற்றத்துக்குத் தோதான உடை இல்லை என்று சத்தியம் செய்வேன். கணுக்கால் வரை காற்றோட்டம், பாக்கெட்டில் கடலைமிட்டாய்.

விளிம்புக்கு வந்ததும் சிரிப்பெல்லாம் அடங்கிவிடும். 1980 மே 18, காலை 8:32. 5.1 அளவு நிலநடுக்கத்தில் மலையின் வடபக்கம் மொத்தமாகச் சரிந்தது. வரலாற்றில் பதிவான மிகப் பெரிய நிலச்சரிவு அது. மூடி கழன்றதும் உள்ளே அடைத்துக்கொண்டிருந்தது பக்கவாட்டில் வெடித்தது. 57 பேர் இறந்தார்கள். அமெரிக்காவின் ஃபூஜி என்று பெயர் வாங்கிய அழகான கூம்பு, 9,677 அடியிலிருந்து 8,363 அடியாகக் குட்டையாகிவிட்டது. நாம் ஏறி நிற்பது உச்சியே கிடையாது, உடைந்த பானையின் மிச்ச விளிம்பு. ஆயிரத்து முந்நூறு அடி மலை நம் தலைக்கு மேலே இருந்திருக்க வேண்டும், இல்லை. குனிந்தால் குழி, நடுவில் லாவாக் குவியல், அதன் இடுக்குகளிலிருந்து மெல்லிய ஆவி. அந்தக் குவியலைச் சுற்றி, வெடிப்புக்குப் பிறகு புதிதாகப் பிறந்த ஒரு பனியாறு. அப்பால் ஸ்பிரிட் ஏரி. அதில் ஒரு பக்கம் சாம்பல் நிறத்தில் பாய் விரித்த மாதிரி கிடப்பது மரங்கள். அன்றைக்கு ஏரிக்குள் அடித்துக்கொண்டு வரப்பட்ட மரங்கள் இன்னும் மிதக்கின்றன.

ஏரிக்கு மேற்கே தெரிகிற மேட்டில் டேவிட் ஜான்ஸ்டன் என்கிற 30 வயது எரிமலை ஆய்வாளர் அன்று காலை கண்காணிப்பில் இருந்தார். "வான்கூவர்! வான்கூவர்! இதுதான்!" என்று ரேடியோவில், வாஷிங்டன் மாநிலத்து வான்கூவர் ஊரிலிருந்த அலுவலகத்துக்குச் சொன்னதோடு சரி. உடல் கிடைக்கவில்லை. அந்த மேட்டுக்கு இப்போது அவர் பெயர்.

நைட்டியோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணை பின்னாலிருந்து என் பையைப் பிடித்து இழுத்தார். "அங்கால போகாதையும்." விளிம்பில் காற்று பனியைத் தள்ளித் தள்ளி, குழிக்கு மேல் தாழ்வாரம் மாதிரி நீட்டிவிட்டிருக்கும். மேலே நிற்கிறவனுக்கு அடியில் பாறையா, வெறும் காற்றா என்று தெரியாது. 2010 பிப்ரவரியில் ஒருவர் அப்படி உடைந்த பனியோடு குழிக்குள் போய் இறந்தார். அது எல்லா மலையிலும் இருக்கிற ஆபத்து என்றால், எரிமலைக்கென்றே ஒன்று உண்டு. பனி கீழேயிருந்தும் உருகும்.

ஹூட் மலையில் ஏறும்போது பத்தாயிரம் அடிக்கு மேல் அழுகின முட்டை நாற்றம் குப்பென்று அடிக்கும். வழியின் ஓரத்தில், சுற்றிலும் பனி நிற்கிற இடத்தில், மஞ்சள் பூத்த ஈரப்பாறையிலிருந்து ஆவி வரும். அந்த ஓட்டைகள் கண்ணுக்குத் தெரிந்தால் பிரச்சினை இல்லை. பெரும்பனி பெய்து மூடிவிட்டால், உள்ளே சூடு குடைந்து குடைந்து ஒரு அறை உண்டாகும். மேலே பார்க்க மற்ற இடம் மாதிரியேதான் இருக்கும். அந்த அறையில் காற்றைவிடக் கனமான கரியமில வாயு தேங்கி நிற்கும். 2006 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் மம்மத் மலையில் அப்படி ஒரு ஓட்டையைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டிருந்த ஸ்கீ மையத்துக் காவலர்கள் இருவர் பனி உடைந்து உள்ளே விழுந்தார்கள். காப்பாற்றப் போன மூன்றாமவரும் திரும்பவில்லை. வேலி போடப் போனவர்கள் என்பதுதான் எனக்கு இன்னும் நெஞ்சில் உறுத்துகிறது.

அதே சூடு சில பேரைக் காப்பாற்றியும் இருக்கிறது. 1870-இல் ரெய்னியர் உச்சியை எட்டிய ஹேஸர்ட் ஸ்டீவன்ஸும் வான் டிரம்ப்பும் இருட்டிவிட்டதால் கீழே வர முடியாமல் போய், உச்சிப் பள்ளத்தில் ஆவியால் குடையப்பட்ட ஒரு பனிக்குகையில் ராத்திரியைக் கழித்தார்கள். ஆவிப்பக்கம் வேக, மறுபக்கம் உறைய, விடியும் வரை திரும்பித் திரும்பி உட்கார்ந்திருப்பார்கள் போல.

ரெய்னியர் என்றதும் அண்ணை விடாமல் சொல்லும் ஒரு பெயர் சிகுர்ட் ஹால். நோர்வேயில் பிறந்து சியாட்டிலுக்கு வந்தவர். ஆம், அதனால்தான். 1939-இல் ஸ்கீயிலேயே ரெய்னியர் உச்சிவரை ஏறியவர். அதுவரை யாரும் செய்திராதது. மேலே பனி இறுகிக் கிடந்ததால் அங்கிருந்து ஸ்கீயில் இறங்கவில்லை. உச்சியிலிருந்து ஸ்கீயில் இறங்குவது 1948 ஜூலையில்தான் நடந்தது, வேறு நாலு பேரால். அதே மலையில் 1934 முதல் சில்வர் ஸ்கீஸ் என்று ஒரு பந்தயம் நடத்தினார்கள். மலையின் மேலே உள்ள மியூர் முகாமிலிருந்து கீழே பாரடைஸ் என்கிற இடம் வரை, முதல் வருஷம் எல்லோரையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட்டார்களாம், மஞ்சுவிரட்டு மாதிரி. 1940 பந்தயத்தில் மூடுபனிக்குள் பாறையில் மோதி சிகுர்ட் ஹால் இறந்துபோனார். உச்சியில் பனி சரியில்லை என்று இறங்காமல் விட்ட அதே மனிதர். பந்தயத்தில் கடிகாரம் வேறு ஆள் கையில் இருக்கிறது, என்ன செய்வது.

நோர்வேயில் மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விதித்தொகுப்பு உண்டு. திரும்பிப் போவதில் வெட்கம் இல்லை என்பது அதில் ஒன்று. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அண்ணை அதை நோர்வே மொழியில் ஒரு தடவை சொல்லிவிட்டு, தமிழிலும் தன் பாணியில் சொல்வார்: "வந்ததுக்காண்டி இறங்கவேணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை." இரண்டு வருஷத்தில் அவரோடு போனதில் ஐந்து தடவை பாதியில் திரும்பியிருக்கிறோம். ஒரு தடவை வண்டி நிறுத்தத்திலேயே, ராத்திரி மேகம் கலையவில்லை, கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, "உறையேல்லை. வாரும், போய்ப் படுப்பம்" என்று வண்டியைத் திருப்பிவிட்டார். நாலு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனது நான்.

சரி, ஆடம்ஸுக்கு வருவோம்.

பத்து மணி. டக். பத்தேகால். டக். வெயில் முகத்தில் ஏறியது. நமக்கெல்லாம் வெயில் ஒன்றும் செய்யாது என்று இருந்துவிடாதீர்கள். பனி வெயிலைக் கீழேயிருந்து திருப்பி அடிக்கும். மூக்குத் துவாரத்துக்குள்ளும், வாய் திறந்து மூச்சு வாங்கியே ஏறினால் மேலண்ணத்திலும் தோல் உரியும். நான் இரண்டும் அனுபவித்தவன். ஒரு வாரம் ரசம் ஊற்றிச் சாப்பிட முடியவில்லை.

சும்மா இருக்கப் பிடிக்காமல் அண்ணை அந்த மலையின் கதையை எடுத்தார். உச்சியில் பனிக்குள் பாதி புதைந்து ஒரு மரக்குடிலைப் பார்த்தோமே, அது நூறு வருஷத்துக்கு முன்னால் காட்டுத்தீயைக் கண்காணிக்கக் கட்டியது. கண்காணிப்பை விட்டதும், 1930-களில் கந்தகம் தோண்டுகிறோம் என்று ஒரு கூட்டம் வந்தது. கோவேறு கழுதைகளின் மேல் சாமானேற்றி 12,000 அடிக்கு மேல் கொண்டுபோய்த் துளைபோட்டுப் பார்த்தார்கள். கந்தகம் இருந்தது. கட்டுப்படியாகவில்லை. நாங்கள் க்ராம்பன் மாட்டி, ஐஸ் ஆக்ஸ் ஊன்றி, மூச்சு வாங்கி ஏறிய வழியில் கழுதை போயிருக்கிறது என்று கேட்டதும் எனக்குக் கொஞ்சம் மானப்பிரச்சினையாகிவிட்டது.

பத்தே முக்காலுக்கு வேறு ஒரு குழு எங்களைத் தாண்டி வந்து, காத்திருக்காமல் இறங்கியது. கிரீச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. என் முழங்கை தானாக உடம்போடு ஒட்டிக்கொண்டது.

பதினொன்று பத்து. அண்ணை கம்பால் குத்தினார். சத்தம் மாறியிருந்தது. 'டக்' இல்லை, 'சக்'. குனிந்து உள்ளங்கையால் ஒரு பிடி வழித்து என் கையில் போட்டார். மணி மணியாக, ஈரமாக, விரல் இடுக்கில் உருண்டது. அடியில் விரலால் அழுத்திப் பார்த்தேன், கெட்டி.

"சரி, வாரும்."

முதல் திருப்பத்தில் உடம்பு இன்னும் பயந்துகொண்டுதான் இருந்தது. இரும்பு ஓரம் கிரீச்சிடவில்லை. 'ஸ்ஸ்ஸ்' என்று அரிசி களைகிற சத்தம். இரண்டாவது, மூன்றாவது. ஸ்கீ வெட்டி எறிந்த மணிகள் பக்கத்தில் கூடவே சரசரவென்று இறங்கி வந்தன, யாரோ மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி. 35 டிகிரிச் சரிவு, காலுக்குக் கீழே காடு, காட்டுக்கு அப்பால் ஹெலன்ஸின் மொட்டைத் தலை. முப்பது திருப்பத்துக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினோம். தொடை எரிந்தது. நடுவில் ஒரு இடத்தில் அண்ணை எனக்கு முன்னால், குட்டிப்பையன் மாதிரி ஓ என்று கத்திக்கொண்டே போனார். நாற்பத்தைந்து வயது மனிதர். நாலாயிரம் அடி முடிய, நின்ற நேரத்தையும் சேர்த்து இருபத்தைந்து நிமிடம்.

இதோடு நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் சவுத்வெஸ்ட் சூட்ஸில் இறங்கினால், ஏறிய வழிக்குத் திரும்ப மலையைப் பக்கவாட்டில் சுற்றி நடக்க வேண்டும். 2012-இல் பெரிய காட்டுத்தீ தின்ற காடு அது. பனி திட்டுத்திட்டாக முடிந்துபோக, ஸ்கீயை முதுகில் கட்டி, பிளாஸ்டிக் பூட்ஸோடு, விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தோம். குனிந்தால் ஸ்கீயின் முனை கரிந்த கிளையில் மாட்டும். நிமிர்ந்தால் முகமெல்லாம் கொசு. இரண்டு தடவை வழி தவறினோம். இரண்டரை மணி நேரம். இறங்கியதைவிட ஆறு மடங்கு.

வண்டிக்கு வந்து பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலை மண்ணில் ஊன்றி உட்கார்ந்தோம். யாரும் பேசவில்லை. பையின் அடியிலிருந்து மிச்சப் புளியோதரையை எடுத்தேன். பகல் முழுக்க முதுகு வெயிலில் கிடந்து இளகி, பருக்கை பருக்கையாக உதிர்ந்திருந்தது. அண்ணை பாதியை எடுத்துக்கொண்டு ஒரு வாய் போட்டார். மென்று, யோசித்து, மலையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "உறைப்புத்தான் காணாது."